கடைசிப் பந்து விழும்வரை

எங்கள் பஜாரில் அவருக்குக் கடைசி பாய் என்று பெயர். வீட்டில் கடைசிப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது, அவர்தான் மூத்தவர். எந்த இடத்துக்குப் போனாலும் கடைசி ஆளாகத்தான் எழுந்து வருவார். அதனால் வந்த பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டார்.

ராஜபாளையத்தில் பைப்பும் வாட்டர் டேங்கும் விற்கிற கடை வைத்திருந்தார். அவர் கடைக்கும் என் எலெக்ட்ரிகல் கடைக்கும் ஒரே சுவர். குள்ளமான உருவம், எப்போதும் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஏலக்காய். என்னை மாப்ள என்பார். அந்த முறையில் அவர் வீட்டம்மா எனக்கு அக்கா. இன்றைக்கு பாய் இல்லை, அந்தக் கடையில் செல்போன் விற்கிறார்கள். ஆனாலும் எங்கேயாவது பாதியில் எழுந்து கிளம்புகிறபோது அவர் என் தோளைப் பிடித்து அமுக்குவது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்து, தாம்பூலப் பை கொடுத்து முடிந்து, சேர் அடுக்குகிற பையன் வந்து, "பாய், எந்திரிங்க, இது ஒண்ணுதான் பாக்கி" என்கிறவரை உட்கார்ந்திருப்பார். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் இருப்பார், கதவைச் சாத்துகிறவர் சாவியோடு காத்து நிற்பார். சினிமாவில் பெயரெல்லாம் ஓடி முடிந்து, கூட்டுகிறவர்கள் உள்ளே வந்த பிறகுதான் வெளியே வருவார். அக்கா முன்னாலேயே வந்து கேட் பக்கம் நின்றுகொண்டிருப்பார்.

"இவுகளக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து ஒரு படத்துக்காவது சேந்து வெளிய வந்திருக்கமான்னு கேளுங்க தம்பி" என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவரிடம் காரணம் கேட்டேன். ஏலக்காயை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "பாதியில எந்திரிச்சிட்டா மிச்சத்த அடுத்தவன்கிட்டல்ல கேக்கணும் மாப்ள. பொறவு அவன் சொல்றதுதான் நமக்கு நடந்தது."

இந்தக் குணத்தால் தொந்தரவு இல்லாமலும் இல்லை. என் மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த பாய், அவர் தூங்குகிறவரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து பாய் படியேறி வருகிற சத்தம் கேட்டதுமே மாமனார் கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். பாய் அதையும் நம்பாமல் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

வ. புதுப்பட்டியில் ஒரு விவசாயி போர்வெல் போட்டார். பைப் பாய் கடையில் வாங்கியது. பைப்பை இறக்கிவிட்டு வந்திருக்கலாம். பாய் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் போர் வண்டிக்காரர்கள் புழுதிதான் வருகிறது, தண்ணீர் இல்லை, கழற்றிவிடலாம் என்றார்கள். விவசாயியும் தலையில் கைவைத்துக்கொண்டு சரி என்றுவிட்டார். "எறக்காத பைப் இன்னும் கெடக்குல்ல. அது கொள்ளுற ஆழம் தோண்டிட்டு இல்லன்னு சொல்லுங்க" என்றார் பாய். பைப் விற்கிறவர் வேறு எப்படிப் பேசுவார் என்று அவர்கள் முணுமுணுத்தபடியே தோண்டினார்கள். மாலையில் சேறு வந்தது, சேற்றுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. பாய் ஊர் திரும்பியபோது சட்டை செம்மண் நிறத்தில் இருந்தது. அந்தச் சட்டையை இரண்டு நாள் துவைக்கப் போடவில்லை என்று அக்கா சொன்னார்.

ஆனால் அவரை நான் சரியாகத் தெரிந்துகொண்டது மைதானத்தில்தான்.

எங்களூருக்குப் பூப்பந்து என்றால் உயிர். மஞ்சள் கம்பளிப் பந்து, ஆளுக்கொரு பேட், வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்கு அந்த லேசான பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காற்றைத் தெரிந்தவன்தான் ஆட முடியும். பாய் ஆடியதில்லை. கடையை அடைத்துவிட்டு வந்து பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு பக்கம் படுதோல்வி அடைந்துகொண்டிருக்கும், ஆட்டக்காரர்களுக்கே எப்போது முடியும் என்று இருக்கும், பாய் மட்டும் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பூப்பந்துக் கழகத்துக்கு ஒரு ஹால் உண்டு. ஹாலின் ஒரு சுவர் முழுக்கச் சிறந்த ஆட்டக்காரர்களின் படங்கள். ஒரு காலத்தில் கமிட்டியில் யாருக்கு வேண்டியவரோ அவர் படம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் கமிட்டிக்காரர் ஒருவரின் மச்சான் படம் ஏறி, பெரிய சண்டையாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தலைவராக வந்தார். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்விட்டு வந்திருந்தார். அங்கே பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு மண்டபம் இருக்கிறதாம். அதற்குள் படம் ஏறுவது லேசு இல்லையாம். திரும்பி வந்ததும் அந்த விதிகளை அப்படியே எங்கள் கழகத்துக்கு இறக்கிவிட்டார்.

ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆன பிறகுதான் ஒருவர் பெயரை ஓட்டுக்கு வைக்க முடியும், ஆடிய சூடு ஆற வேண்டும் என்பதற்காக. அங்கே பத்து வருடம் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடுவார்களாம், இங்கே பத்து வருடம் உறுப்பினராக இருந்தவர்கள். ரகசியச் சீட்டு. வந்த சீட்டில் நாலில் மூன்று பங்கு ஒருவருக்கு விழுந்தால் படம் ஏறும். பாதி விழுந்தால் போதாது, பாதிக்கு மேல் விழுந்தாலும் போதாது. விழவில்லையென்றால் அடுத்த வருடம் திரும்ப. பத்து வருடம் பெயர் நிற்கும். அதற்குள் ஏறாவிட்டால் அதோடு சரி. இடையில் ஓட்டு ரொம்பவும் குறைந்து போனாலும் பெயர் விழுந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தை மட்டுமல்ல, நேர்மையையும் நடத்தையையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் முருகேசன் பத்து வருடமாக மாட்டிக்கொண்டு நின்றார்.

முருகேசன் பின்வரிசை ஆட்டக்காரர். அவருக்கு மேலே ஒரு பந்து போய் விழுந்ததைப் பார்த்தவர்கள் குறைவு என்பார்கள். ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருந்தது அதையல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு ஃபைனலைத்தான். அவர்களும் நாங்களும் மோதிய ஃபைனல். பக்கத்து ஊர் என்பதாலேயே அவர்களிடம் தோற்பது எங்களுக்கு ஆகாது. அப்போது நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பார்க்கப் போயிருந்தார்கள். மூன்றாவது செட்டில் நம் பக்கம் படு மோசமாகப் பின்தங்கியதும், இதை வேறு உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாயையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்க போங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டத்தில் தோற்றோம். கடைசிப் பந்து முருகேசனுக்கு வந்தபோது அவர் பேட்டைத் தூக்கவே இல்லை என்று எங்கள் கேப்டன் ஊரில் வந்து சொன்னார். அடுத்த சில மாதத்தில் முருகேசனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் அமைந்தது. வேலையும் அந்த ஊர்ப் பக்கத்து மில்லில் கிடைத்தது. ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. பெண்ணும் வேலையும் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பேசினார்கள். முருகேசன் அதோடு ஆட்டத்தையும் விட்டார், ஊரையும் விட்டார்.

பாய் பார்த்தது வேறு. அதை அவர் கடை வாசலில் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"மூணாவது செட் ஆரம்பத்துலயே ஒரு பந்துக்குப் பாய்ஞ்சு விழுந்தான் மாப்ள. தோள்பட்டை தரையில போய் அடிச்சுச்சு. எந்திரிச்சு கைய ஒதறிக்கிட்டு நின்னான். மாத்தாளா வந்தவங்க எல்லாரும் ஏற்கனவே எறங்கியாச்சு. வெளிய போனா நாலு பேரா ஆடணும். யாருகிட்டயும் சொல்லல. பேட்ட எடது கைக்கு மாத்திக்கிட்டான். நம்ம வேன் கெளம்புன பொறவுதான் ஆட்டமே. எடது கையில ஒவ்வொரு பந்தா எடுத்து எடுத்துக் குடுக்கான். கிட்டத்தட்டச் சமமா கொண்டுவந்துட்டான். கடைசிப் பந்து வலது பக்கமா ஒசந்து வந்துச்சு. பழக்கத்துல பேட் வலது கைக்குப் போயிருச்சு. கை எந்திரிக்கல. அம்புட்டுத்தான்."

"இத அப்பவே சொல்லலையா பாய்?"

"சொல்லாம இருப்பனா? வேன் நெறைய ஆளு வந்து சொன்னது ஊர்க் கதை ஆயிருச்சு. டவுன் பஸ்ல தனியா வந்தவன் சொன்னது பாய் கதை ஆயிருச்சு."

கூட ஆடியவர்களும் முருகேசன் பக்கம் பேசவில்லை. அவர்கள் முன்னால் வலையைப் பார்த்து நின்றவர்கள். பின்னால் என்ன நடந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும், முதுகிலா கண் இருக்கிறது என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

ஓட்டு விதி வந்த முதல் வருடமே பாய் முருகேசன் பெயரை முன்மொழிந்தார். முருகேசனைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக்கும் போனார். முருகேசன் கதவருகிலேயே நின்று, "அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் பாய். வேற எதுன்னாலும் உள்ள வாங்க" என்றாராம். தான் பார்த்ததை பாய் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே உள்ளே போய்விட்டார். "என் ஆயுசுல பாதியில திரும்பி வந்தது அந்த ஒரு எடந்தான் மாப்ள" என்றார் பாய்.

ஒவ்வொரு வருடமும் பொதுக்குழுவில் பாய் எழுந்து அதே கதையை அதே வரிசையில் சொல்வார். பின்னால் தெலுங்கு வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் பாஷையில் குசுகுசுத்துச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் அனுதாபத்தில் கொஞ்சம் ஓட்டு விழுந்தது. ஒரு வருடம் பாதியைத் தொட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் பழைய கேப்டன் காலமாகிவிட்டார். அவர் படம் சுவரில் ஏற்கனவே இருந்தது, இப்போது அதற்கு மாலையும் வந்தது. அதற்குப் பிறகு பாய் எழுந்தாலே யாராவது ஒருவர், "அப்ப நம்ம கேப்டன் பொய் சொன்னாருங்கீங்களா பாய்?" என்று கேட்டுவிடுவார். எல்லோர் பார்வையும் மாலை போட்ட படத்துக்குப் போய்விடும். பாய்க்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஓட்டு இறங்க ஆரம்பித்தது. ஒரு வருடம் பெயரே விழுந்துவிடும் அளவுக்கு இறங்கி, நூலிழையில் தப்பியது.

அந்தக் கூட்டம் முடிந்து நாற்காலிகளையெல்லாம் மடித்து வைத்த பிறகும் பாய் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "விட்டுருங்க பாய், அவரே வேண்டாங்காரு" என்றேன். "அவன் வேண்டாங்கது படத்த இல்ல மாப்ள, நம்மள" என்றார்.

பத்தாவது வருடம் வந்தது. கடைசி வாய்ப்பு.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். எங்கள் இரண்டு பேருக்குமே வாடிக்கையாளரான ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணம். நானும் பாயும் சேர்ந்து போனோம். சாப்பிட்டதும் நான் கிளம்பலாம் என்றேன். "செத்த நேரம் இருங்க" என்றார். செத்த நேரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கூட்டமெல்லாம் போய், மேடையில் பூவை உரித்துக்கொண்டிருந்தார்கள். பந்தி ஹாலில் உள்ளூர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து மிச்சமிருந்த பாயசத்தைக் குடித்துக்கொண்டே பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் தன் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

அவர்களில் ஒருவர் உரக்கடை வைத்திருக்கும் வரதன். அந்த ஃபைனலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கேப்டன். அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எத்தனையோ கப்பு வாங்கியிருக்கோம். ஆனா ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன் எடது கையில ஆடி எங்களத் தண்ணி குடிக்க வச்சான் பாருங்க, அந்தக் கப்புதான் கப்பு. அன்னைக்கு ஜெயிச்சது மாதிரி நாங்க என்னைக்கும் ஜெயிக்கல."

பக்கத்து ஊரில் இத்தனை வருடமாக இந்தக் கதை இப்படித்தான் உலவிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அவர்களோடு உட்கார்ந்து ஒரு நாளும் பேசியதில்லை, அதனால் தெரியவில்லை.

பாய் நிதானமாகச் சொன்னார். "எங்கூர்ல, அந்த ஆளு வேணும்னே தோத்தான்னு சொல்றாங்க."

வரதன் பாயசத் தம்ளரைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்க ஜெயிச்சது பிச்சையா?" என்றார்.

"நான் சொல்லல. நான் கடைசி வரைக்கும் இருந்து பாத்தவன்."

வரதன் அவரை உற்றுப் பார்த்தார். "தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஒத்தையா ஒரு ஆளு உக்காந்திருந்தாரு. நீங்கதானா அது?"

பொதுக்குழு அன்று ஹால் நிறைந்திருந்தது. முருகேசனுக்குக் கடைசி வருடம் என்பதால் பாய் எவ்வளவு நேரம் பேசப்போகிறாரோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பாய் எழுந்து, "நான் பேசல, எனக்குப் பதிலா பேச ஆளு வாராங்க" என்று உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வரதன் முன்னால் வந்தார். அவர் பின்னால் அன்றைக்கு ஆடியவர்கள், எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. ஒருவர் கம்பு ஊன்றியிருந்தார்.

தலைவர் விதியை விட்டு விலகாதவர். "வெளியூர்க்காரங்க ஓட்டுப் போட முடியாதுங்க" என்றார்.

"ஓட்டுப் போட வரல சார். இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

வரதன் துணிப்பையிலிருந்து ஒரு பழைய வெள்ளிக் கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். கறுத்துப் போயிருந்தது. அந்த ஃபைனலின் கப்.

"இத எதுக்கு எங்ககிட்ட?" என்றார் தலைவர்.

"உங்க ஆளு வேணும்னே தோத்தான்னு நீங்கதான சொல்லுறீங்க. அப்ப நாங்க ஜெயிக்கலல்ல. இனாமா வந்தத வச்சுக்கிட எங்களுக்கு மனசில்ல, எடுத்துக்கிடுங்க. இல்ல, நாங்க ஆடித்தான் ஜெயிச்சோம்னா எதுத்து நின்னவன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்னும் ஒத்துக்கிடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கேட்டுட்டுப் போறோம்."

கம்பு ஊன்றியவர் ஒரு அடி முன்னால் வந்தார். "கடைசிப் பந்து அடிச்சது நான். அவன் வலது கை செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வலது பக்கமா அடிச்சேன். ஆட்டம்னா அப்படித்தான், அதுல எனக்கு வெக்கம் இல்ல. ஆனா அவன் விட்டுக்குடுத்தான்னு சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா என் அடியும் பொய்யாப் போகும்."

பின்வரிசையில் ஒருவர் வழக்கமான கேள்வியை எடுத்தார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. "அப்ப நம்ம கேப்டன்..."

இந்த முறை பாய் எழுந்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேப்டன் பொய் சொல்லல. அவரு வலையப் பாத்து நின்னாரு. திரும்பினப்ப பேட் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பாத்ததச் சொன்னாரு. நான் வெளிய இருந்தேன், எனக்கு முழுசும் தெரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் பாத்தது நெசந்தான். அவரு படம் அவரு எடத்துலயே இருக்கட்டும். பக்கத்துல இவனுக்கு ஒரு ஆணி அடிச்சாப் போதும்."

இத்தனை வருடம் அவருக்குக் கிடைக்காத பதில் அன்றுதான் கிடைத்தது. அது யாரையும் தாழ்த்தவில்லை. ஹாலில் இறுக்கம் விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஆட்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

சீட்டு எண்ணியது நானும் பொருளாளரும். முருகேசன், முருகேசன், முருகேசன் என்று வாசித்துக்கொண்டே போனேன். பாதிப் பெட்டி தாண்டியதும் நான் எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். நாலில் மூன்று பங்கு எப்போதோ தாண்டிவிட்டது. பொருளாளர், "போதுமே, வந்தாச்சு" என்றார். "முழுசும் வாசிங்க" என்று பாய் குரல் கொடுத்தார். முழுவதையும் வாசித்தேன். அவர் பெயர் இல்லாத சீட்டு ஒரு கை விரலுக்குள் அடங்கியது. அந்தச் சுவரில் இருக்கும் யாருக்கும் அவ்வளவு ஓட்டு விழுந்ததில்லை.

தலைவர் கப்பை எடுத்துத் தன் துண்டால் துடைத்து வரதன் கையில் கொடுத்தார். "இது உங்களுது. நீங்க ஜெயிச்சது" என்றார். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கைதட்டியதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

செய்தியை யார் போய்ச் சொல்வது என்று பேச்சு வந்தது. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். "நான் போனா சரிவராது. நடத்தை சரியில்லன்னு சொன்னவுகதான் போகணும்" என்றார் பாய்.

தலைவர் என்னையும் இன்னொரு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு காரில் மடவார் வளாகம் போனார். கதவைத் திறந்தது முருகேசனின் மனைவி. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் கதவைப் பிடித்தபடியே நின்றார். "இம்புட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்றார். தலைவர் வாசலில் நின்றே, "தெரியலம்மா. தப்பு எங்களுது. சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொன்னதும் அந்த அம்மா கதவை விட்டு விலகி, "உள்ள வந்து சொல்லுங்க" என்றார்.

முருகேசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பாய் அன்னைக்குக் கடைசி வரைக்கும் இருந்தாரா?"

"இருந்திருக்காரு" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் மனைவி அதற்குள் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்திருந்தார்.

படம் திறக்கிற அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு வேனில் ஆள் வந்தது. முருகேசனின் மனைவி பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாய் வீட்டு அக்கா. இரண்டு பேரும் வந்த நேரத்திலிருந்தே பல நாள் பழகியவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்திலிருந்த முருகேசனுக்கு நெற்றி தெரியாமல் முடி, மேடையில் இருந்தவருக்கு வழுக்கை. துணியை விலக்கியதும், "இது யாருன்னு கேளுங்க" என்று அவர் மனைவி சொல்ல, முன்வரிசை முழுக்கச் சிரித்தது.

முருகேசனைப் பேசச் சொன்னார்கள். மைக்கை இடது கையில் வாங்கினார்.

"எனக்குப் பேச வராது. அன்னைக்கு வேன் கெளம்புன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நம்ம ஆளுக ஒருத்தரும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. திரும்பிப் பாக்கல. பாத்தா ஆட முடியாதுன்னு பாக்கல. யாருக்காக ஆடுறோம்னு தெரியாமத்தான் கடைசி வரைக்கும் ஆடுனேன். பாய் உக்காந்திருந்தாருன்னு தலைவர் போன வாரம் வீட்டுக்கு வந்து சொன்னப்பதான் எனக்குத் தெரியும்." நடுவரிசையில் பாயைத் தேடிப் பார்த்தார். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு பந்து எடுத்திருப்பேன்."

நடுவரிசையிலிருந்து பாய் சொன்னார், "எடுத்த வரைக்கும் போதும்யா. கண்ணு நெறஞ்சு போச்சு."

முதலில் எழுந்தது கம்பு ஊன்றிய அந்தக் கடைசிப் பந்துக்காரர். பிறகு வரதன், பிறகு எங்களூர்க்காரர்கள், பிறகு ஹாலே எழுந்து நின்றது. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். முருகேசன் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நேராக பாய் முன்னால் வந்து நின்றார். பாய் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு ஏலக்காயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார். முருகேசன் அந்தக் கையை விடவில்லை.